மாமனாரின் பிக்கப்புக்கு நான் மாட்டிய பின்கண்ணாடி

எங்கள் பக்கத்தில், ஒரு மனிதன் என்ன தப்பு செய்தாலும் யாரும் வாயைத் திறக்காத காலம் ஒன்று உண்டு. அவன் புது மாப்பிள்ளையாக இருக்கும் காலம். சாதாரணமாக ஒரு வருஷம் ஓடும். கெட்டிக்காரர்கள் முதல் குழந்தையின் காதுகுத்து வரைக்கும் ஓட்டிவிடுவார்கள். என்னுடையது ஏழே மாதத்தில் முடிந்தது. அதற்கு நான் ஒருவன்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் அருவங்காட்டில் வளர்ந்தவன். குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். என் மனைவி கவிதாவின் வீடு கோத்தகிரி போகும் ரோட்டில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது. அவளுடைய தாத்தா காலத்தில் காரமடையிலிருந்து மலையேறிய குடும்பம். இரண்டு தலைமுறை ஆகியும் பேச்சிலும் மரியாதையிலும் காரமடையை விட்டு ஓர் அடி நகராதவர்கள்.

மாமனார் பழனிசாமியிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகள் பறித்து வைக்கிற பச்சைத் தேயிலையை ரோட்டோரத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றி, சாயங்காலத்துக்குள் ஃபேக்டரியில் சேர்ப்பது அவர் தொழில். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பறித்த இலை மூட்டைக்குள் அதிக நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். மண்ணெண்ணெய் பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். ஃபேக்டரிக்காரர்கள் அப்படிப்பட்ட மூட்டையைத் தொடாமல் திருப்பிவிடுவார்கள், பறித்தவன் பாடு அத்தோடு வீண். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் தன்னைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு பெருமைதான்.

"இருவத்திரண்டு வருசமா எல ஓட்டறனுங்க. எம்பட வண்டியில போன மூட்டை ஒண்ணுகோட இது வரைக்கும் திரும்பி வந்ததில்லீங்க."

வீட்டைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதைச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

இப்போது எனக்கு அந்த வீட்டில் நடந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு வரை அங்கே இருப்போம். நான் தண்ணீர் எடுக்க எழுந்தால் மூன்று பேர் எழுவார்கள். கழற்றிப் போட்ட செருப்பு, நான் திரும்பி வருவதற்குள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஒரு தடவை காலி கேஸ் சிலிண்டரை வாசல் வரை உருட்டிக்கொண்டு போனேன். மாமியார் சரோஜா, யாரோ செத்துப்போன மாதிரி மார்பில் கை வைத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதுக்காரரான மாமனார், இருபத்தொன்பது வயதுக்காரனான என்னை 'வாங்க, போங்க' என்று கூப்பிடுவதுடன், நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். (அவருக்கு முழங்கால் வலி வேறு. நான் நின்றுகொண்டே பேசினால் அவரும் நிற்பார்.)

முதல் இரண்டு மாதம் இது சுகமாகத்தான் இருந்தது. பிறகு புழுக்கமாகிவிட்டது. விருந்தாளியை எத்தனை நாள் தாங்குவார்கள்? இந்த வீட்டில் என்னையும் ஓர் ஆளாக நினைத்து, ஒரு வேலையையாவது நம்பிக் கொடுக்கமாட்டார்களா என்று எனக்கு நிஜமாகவே ஏக்கமாக இருந்தது. அந்த ஏக்கம்தான் கண்ணாடியைக் கழற்றியது.

அது ஐப்பசி மழை. பிக்கப்பின் கேபினில் டிரைவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்குமே, அதைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, சரியாக மாமனாரின் பிடரியில் சொட்டும். அவர் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். வீட்டுக்கு வந்ததும் துண்டைப் பிழிவார். ஒரு வெள்ளிக்கிழமை அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். மறுநாள், சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் விட்டதும் குன்னூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், அந்த வண்டிக்கான புது ரப்பர் பீடிங்கை வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் கேட்டார்: "மாட்டறது யாருங்க?"

"நான்தானுங்க."

என் கையைப் பார்த்தார். சாக்பீஸ்கூடப் பிடிக்காத கை. பில்லின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதினார்.

"இது அன்வர் பாய் நம்பருங்க. கண்ணாடி மாட்டறவரு. சும்மா இருக்கட்டும், பையில வெச்சுக்குங்க."

அதை அவமானமாக எடுத்துக்கொண்டு மடித்துப் பையில் போட்டேன். (தூக்கியெறியாமல் போட்டது அந்த வாரம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.)

அன்று சாயங்காலம் ரப்பரை மாமனாரிடம் காட்டி, "நாளைக்கு நானே மாட்டித் தர்றேனுங்க மாமா" என்றேன். அவர் ரப்பரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி ரப்பரைப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க மாப்பிள்ளை சிரமம்?"

"சிரமமே இல்லீங்க மாமா."

"அதில்லீங்க... உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னு..."

"அரை நாள் வேலைங்க. வீடியோ பார்த்துட்டேன்."

"வீடியோ பாத்துட்டீங்களா. செரிங்க."

உள்ளே வந்ததும் கவிதா பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, அப்பா வேண்டாம்னு சொல்றாரு, நீங்க பாட்டுக்குப் பேசீட்டு இருக்கறீங்க?"

"எங்க வேண்டாம்னு சொன்னாரு?"

"ரெண்டு தடவ சொன்னாருல்ல, சிரமம்னு. மாப்பிள்ளகிட்ட வேற எப்படிச் சொல்லுவாரு?"

எனக்கு அது புரியவில்லை என்று சொன்னால் பொய். பாதி புரிந்தது. ஆனால் முடித்துக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வீடியோ பதினான்கு நிமிஷம். வெயில் அடிக்கும் ஒரு முற்றத்தில், ஏதோ தேசத்துக்காரன் ஒருவன் அரைக்கால் சட்டையோடு நின்று அநாயாசமாகச் செய்துகொண்டிருந்தான். விஷயம் இவ்வளவுதான். கண்ணாடியைச் சுற்றி இருக்கிற ரப்பரில் இரண்டு பள்ளம். ஒன்றில் கண்ணாடி உட்காரும். மற்றதில் வண்டியின் தகர விளிம்பு உட்காரும். கழற்றும்போது உள்ளே இருந்து ரப்பரை நெம்பிவிட்டுக் கண்ணாடியை வெளியே தள்ள வேண்டும். மாட்டும்போது இரண்டாவது பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிவைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை உருவிக்கொண்டே வந்தால், ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மூன்று தடவை பார்த்தேன். கடைசி இரண்டு நிமிஷம் அந்த ஆள் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்ததால் ஓட்டிவிட்டேன். மூன்று தடவையும் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேலை ஆரம்பமானது. தூறல். நான் கேபினுக்குள் போனேன். ஒரு கரண்டிக் காம்பால் ரப்பரை நெம்பினேன். மேல் பக்கம் வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் வரவில்லை. வீடியோக்காரன் இந்த இடத்தில் சீட்டில் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலாலும் கண்ணாடியின் மேல்மூலையை உந்தினான். நானும் படுத்தேன். வெளியே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மாமனார் மூட்டை ஏற்றும் பின்தட்டில் ஏறி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து நின்றார்.

காலைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்த பிறகுதான் கவனித்தேன். என் உள்ளங்கால் இரண்டுக்கும் நடுவே, நேராக, மாமனாரின் முகம். ஏழு மாதம் என் செருப்பைத் திருப்பி வைத்த குடும்பத்தின் தலைவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு உந்த மனம் வரவில்லை.

"மாமா, சித்த தள்ளி நின்னுக்குங்க!"

"பரவால்லீங்க மாப்பிள்ளை. நீங்க உதைங்க."

உதைத்தேன். மூன்றாவது உதையில் கண்ணாடி கழன்று அவர் கைக்குப் போனது. பிரசாதம் வாங்குகிற மாதிரி பணிவாக வாங்கிக்கொண்டார். நான் கேபினிலிருந்து இறங்கியதும் மாமியார் பதறிப்போய் ஒரு குடையைக் கொண்டுவந்து எனக்குப் பிடித்தார். மாமனார் நனைந்துகொண்டே கண்ணாடியை இறக்கி வைத்தார்.

தகர விளிம்பில் யாரோ எந்தக் காலத்திலோ கறுப்பாக ஒரு பசையை அப்பியிருந்தார்கள். சுரண்டினேன், வரவில்லை. அப்போதுதான் மாமியார் உள்ளே போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தார். நீலகிரித் தைலம். எங்கள் மலையில் வெளியூர்க்காரர்கள் சின்னக் குப்பியில் வாங்கிப் போவார்கள், நாங்கள் லிட்டர் கணக்கில் வீட்டில் வைத்திருப்போம். சளிக்கு, முழங்காலுக்கு, எறும்புக்கு, தரை துடைக்க, புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

"இதுல தொடச்சுப் பாருங்க மாப்பிள்ளை" என்றார்.

துடைத்தேன். பசை அப்படியே கரைந்து துணியோடு வந்துவிட்டது. மாமனார் முதன்முதலாக, "அட!" என்றார். இது வரைக்கும் எந்தத் தப்பும் நடக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மாட்ட வேண்டும். கயிறு வேண்டும். மாமியார் கொடியில் தொங்கிய ஈரத் துணியை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு, நைலான் கொடியை அவிழ்த்துக் கொடுத்தார். முதல் தடவை கயிற்றை இரண்டாவது பள்ளத்தில் வைப்பதற்குப் பதிலாக முதல் பள்ளத்திலேயே வைத்துவிட்டேன். உருவினேன். கயிறு தனியாக வந்தது. கண்ணாடி அங்கேயே நின்றது. இரண்டாம் தடவை சரியான பள்ளம், ஆனால் பாதி தூரத்தில் சிக்கிக்கொண்டது. மணி ஒன்றாகிவிட்டது. ஐப்பசித் தண்ணீரில் சோப்பைக் கரைத்துத் தடவித் தடவி என் விரல் பத்தும் மரத்து, எது என் விரல், எது ரப்பர் என்று தெரியாத நிலை.

அப்போது எனக்கு அந்த யோசனை தோன்றியது. தைலம் வழுக்கும். தைலம் சூடாகவும் இருக்கும். சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தைலத்தைத் தடவினால் என்ன?

மாமனார் பாட்டிலை நான் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சோப்புத் தண்ணி போடறவங்களும் இருக்கறாங்க மாப்பிள்ளை."

"இது அத விட நல்லா வழுக்குதுங்க மாமா. கைக்கும் இதமா இருக்குதுங்க."

"ஆங்... கைக்கு இதமா இருந்தாச் செரிங்க."

அந்த வீட்டு அகராதியில் அது ஒரு பெரிய கூச்சல் என்று இப்போது தெரிகிறது. நான் ரப்பர் முழுக்கத் தைலத்தை ஊற்றித் தேய்த்தேன். மாமனார் வெளியே அழுத்தினார். நான் உள்ளே கயிற்றை உருவினேன். ரப்பர் வாழைப்பழத்தில் ஊசி ஏறுவது போல் ஏறியது. இரண்டே நிமிஷம். கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. நான் கேபினிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்று, கவிதாவிடம் போட்டோ எடுக்கச் சொன்னேன். அந்தப் போட்டோ இன்றும் இருக்கிறது. அழிக்க அவள் சம்மதிக்கவில்லை.

பாட்டிலில் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது. மறுபடி தேவைப்படலாம் என்று, உடைந்துவிடாமல் இருக்க ஒரு காலிச் சாக்கில் சுற்றி, பின்தட்டில் கேபினை ஒட்டிய மூலையில் பத்திரமாக வைத்தேன். வைத்ததை மறந்தேன்.

திங்கட்கிழமை மழை காரணமாகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். நானும் வண்டியில் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். என் கண்ணாடி எப்படி மழையைத் தாங்குகிறது என்று பார்க்க ஆசை. ஏறும்போதே ரப்பரில் ஒரு மாற்றம் தெரிந்தது. நேற்று நேராக இருந்தது, இன்று பொரித்த அப்பளத்தின் ஓரம் போல நெளிந்து, கொஞ்சம் தடித்தும் இருந்தது. (தைலம் பட்டால் ரப்பர் ஊறிப் பருத்துவிடும் என்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பசையைக் கரைத்தபோதே ஒருவன் யோசித்திருக்க வேண்டும்.)

"மாப்பிள்ளை, இது இப்படித்தான் இருக்குமுங்களா?"

"செட் ஆகுதுங்க மாமா."

"ஓ. செட் ஆகுதா."

ஜன்னல் கண்ணாடிகளை மழைக்காக ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். முதல் வளைவிலேயே என் கண் எரிந்தது. இரண்டாவது வளைவில் மூக்கு ஒழுகியது. திரும்பிப் பார்த்தால் மாமனாரின் இரு கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். துண்டால் துடைக்கிறார், கியர் மாற்றுகிறார், மறுபடி துடைக்கிறார்.

"மாமா, தைலம் கண்ணுல..."

"அதெல்லாம் இல்லீங்க மாப்பிள்ளை. தூசிங்க."

கொட்டுகிற மழையில் தூசி.

முதல் நிறுத்தத்தில் போஜன் நின்றிருந்தார். இந்த மலையின் படுகர் சமூகத்தவர். மாமனாருக்கு இருபது வருஷப் பழக்கம். அவருடைய மூன்று மூட்டையையும் கேபினை ஒட்டிய மூலையில் அடுக்கினோம். நான்தான் ஆர்வமாக இழுத்து இழுத்து அந்த மூலையில் நெருக்கி வைத்தேன். அதன் பிறகு நான்கு இடத்தில் ஏற்றினோம். வாசனை குறையும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போனது. அது ஏன் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசி நிறுத்தத்தில் ஒரு அம்மா இரண்டு மூட்டை வைத்திருந்தார். ஏற்றிவிட்டு நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தினேன் என்பது குறைத்துச் சொல்வது. என் கைவேலை மேல் இருந்த நம்பிக்கையில் ஓங்கி அறைந்தேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. உள்ளே அடைபட்ட காற்றுக்குப் போக வேறு வழியில்லை. முதுகுக்குப் பின்னால் 'பொளக்' என்று ஒரு சத்தம். சில்லென்று காற்று.

அந்த அம்மா ரோட்டிலிருந்து பின்தட்டை எட்டிப் பார்த்து, எந்தப் பதற்றமும் இல்லாமல் சொன்னார்: "ஏனுங்ணா, கண்ணாடி எறங்கி மூட்ட மேல படுத்திருக்குதுங்க."

உண்மைதான். ஒரு கீறல் இல்லாமல், இலை மூட்டைகளின் மேல் மல்லாந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. ரப்பர் அதைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. நான் விட்ட கடைசி இரண்டு நிமிஷத்தில் அந்த வீடியோக்காரன் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்று பிறகு பார்த்தேன். மாட்டிய ஒரு நாளைக்குக் கதவை அறைந்து சாத்தாதே, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வை என்று கும்பிடாத குறையாகச் சொல்கிறான்.

மாமனார் திரும்பினார். கண்ணாடி இருந்த இடம் வழியாகக் கண்ணாடியைப் பார்த்தார். அந்த மனிதரின் வாயிலிருந்து அப்போதும் இதுதான் வந்தது:

"பரவால்லீங்க மாப்பிள்ளை. காத்து வருமில்லீங்க."

கண்ணாடியை மூட்டைகளுக்கு இடையே செருகிவிட்டு, இலைக்கு நேரமாகிறதென்று கிளம்பினோம். மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, அதன் ஒரு முனையை உள்ளே இழுத்து, அந்த ஓட்டையில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் பார்த்து சீட்டில் மண்டியிட்டபடியே ஃபேக்டரி வரை போனேன். எதிரே வந்த பஸ்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஃபேக்டரியில் இலை பார்க்கிற சூப்பர்வைசர் ஒவ்வொரு மூட்டையாகக் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்து, தராசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் போனது. கடைசியில், ஏற்றும்போது முதலில் போன போஜனின் மூன்று மூட்டை வந்தது. முதல் மூட்டையில் கை விட்டவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். மூட்டையின் அடியைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். மழை ஈரமில்லை.

பின்தட்டின் மூலையில் கிடந்த சாக்கைத் தூக்கி உதறினார். பாட்டில் இரண்டு துண்டாக விழுந்தது.

"என்னங்ணா இது?" என்றார் மாமனாரிடம். "இதுல தூள் போட்டா, குடிக்கறவனுக்குச் சளியும் போயிரும், எங்களுக்கு வேலையும் போயிரும். இந்த மூணும் ஆகாதுங்ணா. எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி நின்ற மற்ற வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. அந்த மூன்று மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மாமா, வெயில்ல கொஞ்சம் ஒணத்தினா வாசம் போயிருமுங்க..."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"டேய்!"

ஃபேக்டரி வாசலில் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். தராசுக்காரர் மூட்டையைத் தூக்கியபடியே நின்றார்.

"யாரக் கேட்டுடா அந்த வண்டியத் தொட்ட? படிச்சவன்தானடா நீ? இலை ஏத்தற வண்டியில தைலத்த வெப்பானாடா எவனாவது? ரெண்டு தடவ சொன்னன்ல, எதுக்குடா சிரமம், எதுக்குடா சிரமம்னு? காதென்ன அடுப்புலயா இருந்துச்சு? வாய மூடிட்டு மூட்டையத் தூக்குடா!"

தூக்கினேன். மூன்றையும் நானே முதுகில் தூக்கி வண்டியில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது தைலமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. ஏழு மாதத்தில் அந்த வீட்டார் ஒருவர் என்னிடம் மனதில் இருப்பதை அப்படியே சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பிக் கிளம்பினோம். பின்னால் திறந்த ஓட்டை வழியாக மழையும் மஞ்சு மூட்டமும் நேராக என் கழுத்தில் இறங்கின. நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கைந்து வளைவு கழிந்ததும் மாமனார் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கழுத்திலிருந்த துண்டை உருவி என் மடியில் போட்டார்.

"சுத்திக்கடா. சளி புடிச்சுக்கும்."

சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து, "தைலமும் இல்ல" என்றார். அவர் தோள் குலுங்கியது. பார்த்தால், மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

போஜன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, மூன்று மூட்டையும் திரும்பியதை மாமனாரே இறங்கிப் போய்ச் சொன்னார். என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயம். அவர் சொன்னது இதுதான்: "நம்ம பையன் ஒரு வேல பண்ணிப்போட்டானுங்க, போஜண்ணா. தப்பு எங்குளுதுதான்."

நம்ம பையன். எனக்குத் தலை நிமிரவில்லை.

போஜன் தோட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல போனாப் போகட்டும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பையன் வந்து மூணு மூட்டை பறிச்சுக் குடுத்துரட்டும். செரியாப் போச்சு."

ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு நான் பறித்தது மூட்டையின் அடியைக்கூட மறைக்கவில்லை. பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என் கொழுந்தை எடுத்துப் பார்த்து, "வாத்தியாரே, மரத்தையே புடுங்கிட்டீங்களே" என்றார்கள்.

கண்ணாடிக்கு, மடித்துவைத்த அந்த நம்பரைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமையும் மழை லீவுதான், காலையில் அன்வர் பாய் வந்தார். புது ரப்பர், ஒரு மக் சோப்புத் தண்ணீர், ஒரு கயிறு. மாமியார் டீ போட்டு எடுத்து வருவதற்குள் மாட்டி முடித்துவிட்டார். நான் வைத்திருந்த வீடியோவைப் பார்க்கக் கேட்டு, முழுசாக, கடைசி இரண்டு நிமிஷமும் சேர்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் சொல்றான். ஒங்களப் பாத்திருந்தான்னா அழிச்சுருப்பான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கேபினில் வெயில் பட்டால் இன்னும் லேசாகத் தைலம் மணக்கும். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் மாமியார் தைலப் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிடுவார். தண்ணீர் வேண்டுமானால் நானே எடுத்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரையோ சுத்தியலையோ கையில் எடுத்தால் போதும், வீட்டின் எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் வரும்: "உங்களுக்கு எதுக்குங்க மாப்பிள்ளை சிரமம்?" வீடே சிரிக்கும். சத்தம் போடாமல் கீழே வைத்துவிடுவேன். எங்கள் இரண்டு வயது மகள்கூட அதைச் சொல்லப் பழகிவிட்டாள். மற்றவர்கள் முன்னால் நான் இன்னும் 'மாப்பிள்ளை'தான், 'வாங்க போங்க'தான். வண்டிக்குள் ஏறிவிட்டால் 'டா'.

போன மாதம் மாமனாருக்குக் காய்ச்சல். அன்று எனக்கு லீவு. கட்டிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர், தலையணைக்கு அடியில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"போஜண்ணன் காத்திருப்பாருடா. போய் எலைய ஏத்திட்டுப் போய்ச் சேத்திட்டு வா."

சாவியை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கதவ மெதுவாச் சாத்துடா!"

மெதுவாகத்தான் சாத்தினேன். சூப்பர்வைசர் அன்று எல்லா மூட்டையையும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை.